கரும்புத் தோட்டத்துக் கலியாணப் பாட்டு

வாசிக்கத் தொடங்குமுன் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றும் வழக்கத்தை நம் ஊர்ப் பறைக்காரர்களிடம் கண்டு பழகிய எனக்கு, டிரினிடாட் தீவின் கலியாண வீடொன்றில், ஆட்டுத்தோல் போர்த்த மண் கலயங்களாகிய ‘தாஸா’ என்னும் முரசுகளைத் தணலைச் சுற்றிச் சாய்த்துவைத்து, விரலால் தட்டித் தட்டி நாதம் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அந்நியராகவே தோன்றவில்லை. ஈரக்காற்றில் தோல் தளர்ந்தால் மறுபடியும் தணல்தான். மாப்பிள்ளை காத்திருக்க வேண்டியதே.

1845 மே 30-ஆம் தேதி ‘ஃபட்டேல் ரஸாக்’ என்ற கப்பல் வந்தது முதல் 1917-இல் கூலி ஒப்பந்தமுறை நிற்கும் வரையில், கரும்புத் தோட்டங்களுக்கென இந்தியாவிலிருந்து அத்தீவுக்குப் போனவர்கள் 1,40,000-க்கும் மேற்பட்டவர்கள். கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்களே பெரும்பாலோர். சென்னையிலிருந்து போன நம்மவர் சொற்பம், அவர்களுடைய பேச்சும் அந்தப் பெருங்கூட்டத்தில் கரைந்துபோயிற்று. பின்னர் போஜ்புரியும் பாட்டிமாரோடு ஒடுங்கிவிட, பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது.

அதைப் பிழைக்கவைத்தவர்கள் பெண்கள். கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை இரவு, ஆடவரை ஒதுக்கிவிட்டு, பூமாதேவியைப் பூஜித்து மண்ணெடுக்கும் ‘மட்டிகோர்’ சடங்கில், மணப்பெண்ணுக்கு வெட்கமும் விவரமும் ஒருங்கே உண்டாகும்படி, டோலக்குக்கு இசைய அவர்கள் பாடிய கேலியும் சிருங்காரமும் நம் நலங்குப் பாட்டுக்களைக் குழந்தைப் பாட்டாக்கிவிடும் என்கிறார்கள்.

அந்த மெட்டுக்களோடு ஆங்கிலத்தையும் கிதாரையும் சேர்த்து, தாத்தாவும் பாட்டியும் குடித்துக் கும்மாளமிடுவதைச் சுந்தர் போபோ என்ற அத்தீவுப் பாடகர் பாடிப் புகழ் பெற்றார். 1987-இல் துருபதி ராம்கூனாய் என்ற பெண்மணி அதைக் கரீபியத் திருவிழா மேடைக்கே கொண்டுபோய், ‘சட்னி ஸோக்கா’ என்ற பெயரையும் ஊரறியச் செய்தார். கலிப்ஸோ என்னும் அத்தீவுப் பாட்டைப் பாடும் ஆப்பிரிக்க வம்சத்தாரும் விரைவிலேயே அந்த மெட்டை எடுத்துக்கொண்டனர்.

சமயப் பெரியோர் கொதித்தெழுந்தனர்: இந்து ஸ்திரீ சபை நடுவே இடுப்பை அசைத்து ஆடுவதா? நியாயமான கோபமென்று என்னால் ஒப்ப முடியவில்லை. ஏனெனில் ஆட்டமும் ஆபாசமும் பாட்டிமார் காலத்துச் சொத்து, ஆண்கள் அதைப் பார்க்கும்படி ஆனது ஒன்றுதான் புதுமை. ரம் குடிப்பதைப் பற்றியே ஓயாமல் பாடுகிறார்களே என்று அலுத்துக்கொண்டால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். கிழவிகளின் குறும்பில் இருந்த ரஸம் இதில் பாதிகூட இல்லை. ஆனாலும் இதைக் கண்டித்துப் பிரசங்கித்தவர்கள் தம் வீட்டுக் கலியாணத்தில் பாட்டுக்காரர்களை வாசலோடு திருப்பியனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.