டீஃபால்ட் ஒண்ணும் தலையெழுத்து இல்லை

கிட் என்கிற மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிற நிறைய பேர் அதுல ஒரு செட்டிங்கைக்கூடத் தொட்டது கிடையாது. முதல் நாள் யாரோ சொன்ன மாதிரி பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்திருப்பாங்க, அவ்ளோதான். "ஏன் இப்படிக் காட்டுது?"ன்னு கேட்டா, "அது அப்படித்தான்"னு பதில் வரும். எனக்கு இந்த "அது அப்படித்தான்" மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு.

(புதுசா வர்றவங்களுக்கு: கிட் என்பது ஒரு வரவு செலவு நோட்டு மாதிரி. எந்தக் கோப்பை, யார், எப்போ, என்ன மாத்தினாங்கன்னு எழுதி வைக்கும். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக ஆரம்பித்தது. இன்னிக்கு ஊர் உலகமே அதுலதான் ஓடுது.)

என் சித்தி பொண்ணு, எங்க பாட்டி பாடின தாலாட்டு, ஒப்பாரி எல்லாத்தையும் கணினியில ஏத்திக்கிட்டிருக்கா. பாட்டி போயாச்சு. இருக்கிறது பழைய நோட்டுகளும், கேட்டவங்க ஞாபகமும்தான். ஒவ்வொரு பாட்டும் ஒரு கோப்பு, கோப்புக்குப் பெயர் தமிழில். திருத்தத் திருத்த பழசும் பத்திரமா இருக்கணுமேன்னு கிட்டில் போட்டு வெச்சா. அடுத்து "என்னென்ன மாறியிருக்கு?"ன்னு கிட்டிடம் கேட்டா, திரை முழுக்க \340\256\244\340\256\276 என்று எண்ணா ஓடுது!

எனக்குப் போன் வந்துச்சு. "அண்ணா, தமிழ் எல்லாம் போச்சு."

ஒண்ணும் போகலை. கோப்பும் பத்திரம், பெயரும் பத்திரம். காட்டுறதுல மட்டும்தான் கோளாறு. ஆனா அவ அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துட்டா: எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்துக்கு மாத்திடறதுன்னு. மணமும் மனமும் ஆங்கில எழுத்துல ஒண்ணாயிடும். பாட்டி பாட்டுக்குப் பாட்டி மொழியில பெயர் வைக்க முடியாதுன்னா அது என்ன நியாயம்?

நடந்தது இதுதான். தமிழ் எழுத்துகளை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தேவை. "தாலாட்டு" நமக்கு 4 எழுத்து. கணினிக்கு கால், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி, அதனால 8 குறி, 24 பைட். ஆங்கில எழுத்துகளின் எல்லையைத் தாண்டின எந்த பைட்டையும் கிட் "வழக்கத்துக்கு மாறானது"ன்னு எடுத்துக்கிட்டு, எட்டை அடியா வெச்ச எண்ணா மாத்திக் காட்டும். ஆக 4 எழுத்துக்கு 24 எண். இதுக்குக் காரணமும் இருக்கு. யுனிக்ஸ் வகைக் கணினிகளில் கோப்புப் பெயர் எந்தக் குறியாக்கத்தில் இருக்குன்னு சொல்ல வழியில்லை. எங்கேயும் உடையாம இருக்க எண்ணாவே காட்டிடலாம்னு வெச்சிருக்காங்க. நமக்குத்தான் அது ஒத்து வரலை.

மருந்து ஒரே வரி (ஆங்கிலத்தில் தட்டணும்): கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.க்வோட்பாத் ஃபால்ஸ்.

தட்டினா. திரும்பக் கேட்டா. தாலாட்டு, தாலாட்டாவே வந்துச்சு. மறுமுனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்லை :-)

டீஃபால்ட் என்பது யாரோ ஒருத்தர் ஒரு நாள், தன் முன்னாடி இருந்த பிரச்சினைக்கு எடுத்த முடிவு. செஞ்சவங்களே அதை மாத்தியிருக்காங்க. முன்னெல்லாம் வெறுமனே புஷ் கொடுத்தா, ரெண்டு பக்கமும் ஒரே பெயரில் இருக்கிற எல்லாக் கிளைகளையும் கிட் தள்ளிவிடும். 2014-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்துதான் நீங்க நிற்கிற கிளையை மட்டும் தள்ளுற மாதிரி ஆச்சு. அவங்களே மாத்தும்போது, நாம மாத்தினா என்ன?

செட்டிங்குக்கு மூணு அடுக்கு. கணினி முழுக்க ஒண்ணு, உங்க கணக்குக்கு ஒண்ணு, அந்தந்த வேலைக்கு ஒண்ணு. ஊர் வழக்கம், வீட்டு வழக்கம், என் தட்டுன்னு வெச்சுக்கோங்க. மோதினா தட்டுதான் ஜெயிக்கும். எது எங்கேயிருந்து வருதுன்னு தெரியணுமா? கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்.

பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் வேணும். மின்னஞ்சல் பதியாம விட்டா, கிட் கணக்குப் பெயரையும் கணினிப் பெயரையும் ஒட்டி அதுவா ஒண்ணை ஊகிக்கப் பார்க்கும். ஒவ்வொரு கமிட்டிலும் அது ஒட்டிக்கும். பின்னாடி மாத்தணும்னா பழைய வரலாற்றையே திரும்ப எழுதணும். "ஊகிக்காதே, என்னைக் கேளு"ன்னு சொல்ல யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி என்பதை ட்ரூ ஆக்கிடுங்க. ஆபீஸ் வேலைக்கு ஒரு முகவரி, சொந்த வேலைக்கு ஒண்ணுன்னு இருந்தா, 2017-ல் வந்த 2.13 பதிப்பிலிருந்து இன்க்ளூட்இஃப் இருக்கு. எந்த ஃபோல்டருக்குள்ள இருக்கீங்களோ, அதுக்கேத்த பெயரை அதுவே எடுத்துக்கும்.

இவ்ளோ சொன்னதும் சிலர் நூறு வரி செட்டிங் எழுத உட்கார்ந்துடுவாங்க. அதுவும் வேண்டாம். எல்லாக் கட்டளைக்கும் ரெண்டெழுத்துச் சுருக்கம் வெச்சுக்கிட்டா, அடுத்தவர் கணினியில் உட்காரும்போது கை திக்கும். என்னுது பத்து வரியைத் தாண்டாது.

இன்னொண்ணு. உங்க செட்டிங் உங்களோட மட்டும்தான். யாராவது உங்க களஞ்சியத்தை குளோன் பண்ணினா அது கூடப் போகாது. வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க. செட்டிங்குக்குள்ள கட்டளைகளை எழுதி ஓட வைக்க முடியும், அடுத்தவர் எழுதினது நம்ம கணினியில் ஓடினா ஆபத்து. அதனால வரி முடிவுக் குறி மாதிரி எல்லாருக்கும் பொதுவான விஷயத்தை கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் எழுதுங்க, அது எல்லாரோடயும் போகும். சித்தி பொண்ணுகிட்டயும் இதையே சொன்னேன்: பாட்டுகளைத் தேடி வர்றவங்களுக்கு முகப்புக் கோப்பிலேயே அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி வைன்னு. வெச்சுட்டா. இல்லேன்னா அடுத்து வர்றவங்களும் "தமிழ் போச்சு"ன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க.

அடுத்த தடவை யாராவது "அது அப்படித்தான்"னு சொன்னா, "யார் அப்படி வெச்சது, எதுக்கு?"ன்னு ஒரு தடவை கேளுங்க. பதில் நியாயமா இருந்தா விட்டுடுங்க. இல்லேன்னா ஒரு வரிதான்.

பி.கு: கமிட் பண்ணும்போது வி.ஐ. திரை திறந்து, வெளியே வரத் தெரியாம முழிக்கிறவங்களுக்கு: எஸ்கேப் தட்டி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். அந்த கமிட் ரத்தாகும், நீங்க தப்பிச்சுடுவீங்க. அப்புறம் கோர்.எடிட்டரில் உங்களுக்குப் பிடிச்ச எடிட்டர் பெயரைப் போடுங்க. அதுவும் தலையெழுத்து இல்லை :-)