யானை காலில் தட்டித்தான் தின்னும்

டிசம்பர், ஞாயிறு

படம் வரைகிற நாங்கள் சிலர் டிராயிங் சார் வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைந்ததைத் தரையில் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் மூலைகளில் கல் வைத்துவிட வேண்டும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. சார் போட்ட இந்த விதிதான் எங்களைக் கலையாமல் வைத்திருக்கிறது.

செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கச்சி நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். பால்பாயிண்ட் பேனாவில், கம்பெனி பஸ்ஸில் தூங்கும் பெண்கள்.

“முகமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா. ஆனா கை ஒவ்வொண்ணும் வேற” என்றார் போர்டு எழுதும் அண்ணன். அவள் முறை வந்ததும் சொன்னாள்: வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் தூக்கத்திலும் பையை இறுகப் பிடித்திருப்பார்களாம்.

ஃப்ளெக்ஸ் வந்தபின் அண்ணனுக்குக் கடைப் பலகை வேலை குறைந்துபோனது. மிச்சமிருந்த பெயிண்டில் யானை வரைந்திருந்தார். குளிர்காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து சானமாவு, ஊடேதுர்க்கம் பக்கம் வருகிற கூட்டம். ராகிக் கொல்லையில் நின்று தின்கிறது. ரோஜாத் தோட்டக்காரர் வெகுநேரம் பார்த்தார். அவரும் ராகி போடுகிறவர், யானைக்குப் பறிகொடுத்தவர்.

“பிடுங்கினதை அப்படியே வாயில வைக்காதுங்கண்ணா. காலுல தட்டி மண்ணை உதிர்த்துட்டுத்தான் தின்னும்.”

அண்ணன் அங்கேயே தூரிகையை எடுத்து முன்னங்காலருகே புழுதி எழுப்பினார். யானைக்கு உயிர் வந்துவிட்டது. இதைக் கற்றுத்தரும் ஓவியக் கல்லூரி எது? பட்டுத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்க்கும்போது கிடைக்கிற திருத்தம் இது.

டிசம்பர் கடைசி

மல்லச்சந்திரம் போனோம். குன்றின்மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள். உள்பலகைகளில் வெள்ளை நிறத்தில் மனித உருவங்கள். பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடியிலும் இதே வெள்ளைதான். அங்கே குதிரைமேல் ஈட்டியோடு மோதும் வீரர்கள். 1978இல் மல்லப்பாடி ஓவியத்தைக் கண்டறிந்தவர் தொல்லியலாளர் கே.வி. ராமன். வரைந்த எவர் பெயரும் நமக்கு வரவில்லை. சார் ஒன்றும் விளக்கவில்லை, எல்லோரையும் உட்கார்ந்து வரையச் சொன்னார்.

ஜனவரி, ஞாயிறு

பெங்களூரு சித்திரச் சந்தை. ஓசூரில் பஸ் மாறி, அத்திப்பள்ளி தாண்டி மெஜஸ்டிக். கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்துகிறது. அன்றைக்குக் குமாரகிருபா சாலையில் வண்டிக்கு இடமில்லை. இருபுறமும் ஓவியர்கள் படங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணன் ஒரு நிலக்காட்சிக்காரரோடு கன்னடத்தில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் படித்தீர்கள் என்று அவர் கேட்கவே இல்லையாம். என்ன பெயிண்ட் என்றுதான் கேட்டாராம்.

இப்படி ஒரு நாள் நம் மாவட்டத்துக்கும் வேண்டும். ஓசூரில் இத்தனை ஆலைகள், இத்தனை ஆயிரம் கைகள். அவை ஓய்வு நேரத்தில் செய்வதை மாட்டிவைக்க ஒரு சுவர் கேட்பது பேராசை அல்ல.

பிப்ரவரி, ஞாயிறு

தோட்டக்காரர் வரவில்லை. பதினான்காம் தேதிக்கான ரோஜா அறுவடை. படத்தை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்: பசுமைக்குடிலுக்குள் தாஜ்மஹால் ரோஜா, எல்லாமே மொட்டு. “ஏன் ஒண்ணுகூட விரியல?” என்று கேட்டான் ஒன்பதாம் வகுப்புப் பையன். விரிந்தால் வெளியூர் போய்ச் சேராது என்று சார் சொன்னதும், குனிந்து மறுபடியும் பார்த்தான்.

தங்கச்சி தன் படத்தைக் கம்பெனி பஸ்ஸிலேயே காட்டிவிட்டாளாம். “தூங்கறதப் போயி வரைவியாடி?” என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். இன்னொருத்தி அதைப் போட்டோ எடுத்து ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினாள். முன் சீட்டு அக்கா சொன்னதுதான் இவளுக்குப் பிடித்திருக்கிறது: “என் கை இவ்வளவு வீங்கியா இருக்கு?”

அடுத்த படத்துக்கு அந்த அக்காவே முழித்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.