ஹைபிரிட் காருக்கு எந்தப் பெட்ரோல்?

ஹைபிரிட் கார் வாங்கியவர் பெட்ரோல் பங்கில் கொஞ்சம் தடுமாறுவார். அவ்வளவு பணம் போட்டு வாங்கிய வண்டி. மோட்டார், பேட்டரி, எல்லாவற்றையும் ஆளும் கம்ப்யூட்டர் என்று உள்ளே ஏகப்பட்டது இருக்கிறது. பங்க் பையன் "நார்மலா, பவரா சார்?" என்று கேட்டால், நார்மல் என்று சொல்லச் சட்டென்று வாய் வருவதில்லை. எங்கள் வீட்டிலும் பெரியவர்கள், "மாசத்துக்கு ஒரு தடவையாவது பவர் போடுப்பா, எஞ்சின் சுத்தமாகும்" என்றார்கள். சில மாதங்கள் அப்படியே போட்டேன். மைலேஜிலோ பிக்கப்பிலோ சொல்லும்படியாக எதுவும் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று தேடிப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது.

பவர் மாதிரி விலை கூடிய பெட்ரோலில் அதிகமாக இருப்பது ஆக்டேன் எண். அது பெட்ரோலின் பலத்தைக் காட்டும் எண் அல்ல, அதன் பொறுமையைக் காட்டும் எண். 1926-இல் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் வகுத்த அளவுகோல் அது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன் கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். எண் கூடக் கூட, அப்படி வெடிக்காமல் பெட்ரோல் தாக்குப்பிடிக்கும். விலை கூடிய லிட்டருக்குள் கூடுதல் சக்தி எதுவும் அடைத்து வைக்கப்படவில்லை.

ஹைபிரிட் எஞ்சின்களில் கம்ப்ரஷன் அதிகம். 2010-இல் வந்த டொயோட்டா பிரியஸில் அது 13-க்கு 1. இவ்வளவு அழுத்தம் என்றால் உயர் ஆக்டேன் வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அமெரிக்காவில் அந்தக் காருக்கு நிறுவனம் சொன்னது சாதாரண 87 தான். அங்கே அளக்கும் முறை வேறு. அந்த 87 ஏறக்குறைய நம் 91-க்குச் சமம். இது எப்படி முடிகிறது என்றால், ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1880-களில் காப்புரிமை பெற்ற ஒரு யோசனையால். அதன் இன்றைய வடிவத்தில், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் உறிஞ்சும் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். ஆகவே உண்மையான அழுத்தம் காகிதத்தில் உள்ளதைவிடக் குறைவு. வெடித்த பிறகு விரிவதற்கு மட்டும் முழு நீளமும் கிடைக்கிறது. இதில் இழுவை கொஞ்சம் குறையும். அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டிவிடும். நம் ஊர் ஹைரைடர், ஹைகிராஸ், சிட்டி ஹைபிரிட் எல்லாமே இந்த வழியில் ஓடுபவைதான்.

சாதாரணப் பெட்ரோல் போதுமா என்று சோதித்துப் பார்க்கக் கொல்லிமலையைவிட நல்ல இடம் கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டி நிறைய ஆட்கள், டிக்கி நிறைய பைகள், டேங்கில் சாதாரணப் பெட்ரோல். பேட்டரி இறங்கியதும் எஞ்சின் உறுமிக்கொண்டு ஏறியது. ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். நாக்கிங் இருந்தால் சில்லறைக் காசைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் கேட்கும். மேலே போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் உடனே பதற வேண்டியதில்லை. நாக் சென்சார் அதை உணர்ந்து ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போட்டுவிடும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிஎஸ்-6 பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91. எத்தனாலின் ஆக்டேன் நூறுக்கு மேல் என்பதால், 20 சதவீத எத்தனால் கலந்ததும் சாதாரணப் பெட்ரோலே 95-ஐ எட்டிவிடுகிறது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025-இல் விளக்கியது. அப்படியானால் '95' என்று தனியாக விற்கும் பெட்ரோலில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் அதில் சேர்த்திருக்கும் சுத்திகரிப்பு ரசாயனங்களுக்குத்தான். அவற்றால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்ஜெக்டரில் படியும் கசடைக் குறைக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள்: லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல் என்றால் விலை எட்டு சதவீதம் ஏறுகிறது. 22 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 23¾ கொடுத்தால்தான் போட்ட காசு திரும்பும். ஆக்டேனை மாற்றி ஒரு அட்கின்சன் எஞ்சினிடம் அதை வாங்க முடியாது.

டர்போ பொருத்திய சில சொகுசு ஹைபிரிட்கள் விதிவிலக்கு. அவற்றின் கையேடே உயர் ஆக்டேன் கேட்கும். கேட்டால் கொடுத்துவிட வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மற்றவர்கள் பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் ஒருமுறை படித்தால் போதும், வருஷக்கணக்கான குழப்பம் தீர்ந்துவிடும்.

மிச்சமாகும் பணத்துக்கு நல்ல செலவு இருக்கிறது. பல டொயோட்டா ஹைபிரிட்களில் சீட்டுக்குக் கீழோ பக்கத்திலோ பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் திறப்பு ஒன்று உண்டு. தூசியும் முடியும் அதன் வலையில் பஞ்சுபோல் படிந்துவிடும். அதை அடைத்தபடி பையை வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பேட்டரி சூடேறினால் அதன் ஆயுள் குறையும். அந்த வலையைச் சுத்தம் செய்வது, தவணை தவறாமல் ஆயில் மாற்றுவது, டயரில் காற்றுச் சரிபார்ப்பது — வண்டி மேல் அக்கறை உள்ளவர் காட்ட வேண்டிய இடம் இவைதான். பங்கில் தயக்கமே வேண்டாம். "நார்மல்" என்று வாய் நிறையச் சொல்லலாம்.