ஆள் வரட்டும்

நண்பனின் பழைய காரில் மூன்று நாள். பாபநாசம் காடு, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், முட்டம் கடற்கரை. ஆவணி மாதம் என்பதால் வெயிலும் தூறலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நான் படம் எடுக்கப் போனேன். அவன் வண்டி ஓட்டவும், நான் முடிக்கும்வரை டீக்கடையில் உட்காரவும் வந்தான்.

எனக்கு ஒரு பழைய வியாதி உண்டு. இயற்கைக் காட்சி என்றால் அதில் ஆள் இருக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு வேட்டி நுனி தெரிந்தாலும் அவர் நகரட்டும் என்று கேமராவை இறக்கிவிட்டுக் காத்திருப்பேன். இதனாலேயே பல பயணங்களில் மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு ஆகியிருக்கிறது.

காட்டில் இந்த வியாதிக்கு வேலை இல்லை. பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைக் கிளறிப் பார்த்து, பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொண்டுதான் விட்டார்கள். இந்தக் காடு அடங்கிய களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988இல் அமைந்தது. புலியைப் பார்த்தாயா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். குரங்கைப் பார்த்தேன். காட்டைப் படம் எடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நேரில் நூறு பச்சை. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் ஒரே பச்சை. உச்சி வெயிலில் இலை இடுக்கில் விழும் ஒளி, சுண்ணாம்பைத் தெளித்தது போல் படமெங்கும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. மேகம் மூடியபோதுதான் காடு கொஞ்சம் இணங்கி வந்தது. போலரைசர் வடிகட்டியை மெல்லத் திருப்பினால் ஈர இலைமேல் இருக்கும் பளபளப்பு அடங்கி, அடியிலிருக்கும் நிறம் தெரிகிறது. மூன்று படம் தேறியது.

மறுநாள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் குமரி மாவட்டத்துக்குள் நுழைந்தோம். காற்றாலைகளை எடுக்கலாம் என்று கதவைத் திறந்தேன். காற்று தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. கதவை மூடிக்கொண்டேன்.

திற்பரப்பில் கோதையாறு சுமார் 50 அடி இறங்குகிறது. பக்கத்திலேயே மகாதேவர் கோயில். அருவி என்றால் இப்போது எல்லோரும் எடுப்பது ஒரே படம்தான்: முக்காலியில் கேமராவை நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் கறுப்பு வடிகட்டியை மாட்டி, ஷட்டரை ஒரு நொடி திறந்து வைப்பது. தண்ணீர் வெண்பட்டாகிவிடும். நானும் வருடக்கணக்காக அதைத்தான் செய்தேன். ஆனால் அந்த அருவிக்கடியில் தலையைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும், அது பட்டு இல்லை, அடி. தோளில் மொத்துமொத்தென்று விழும், மூச்சு முட்டும். ஷட்டரை 1/1000 நொடியில் வைத்து எடுத்தால் துளிகள் அந்தரத்தில் கண்ணாடி மணிகளாக நின்றுவிடுகின்றன. அதுவும் பொய்தான். 1/100 பக்கம் வைத்தால் தண்ணீர் நார்நாராகத் தெரிகிறது. விழுகிற வேகமும் இருக்கிறது. எனக்கு இப்போது அதுதான் பிடிக்கிறது. அன்றைக்கு அதிலும் பாதிப் படங்களைச் சாரல் கெடுத்தது. லென்ஸைத் துடைத்த துண்டிலும் எண்ணெய்ப் பிசுக்கு.

இன்னொன்று. குளிக்கிற இடத்தில் கேமராவோடு நிற்பவனை யாருக்கும் பிடிக்காது; பிடிக்கவும் கூடாது. பெண்கள் குளிக்கும் பக்கம் லென்ஸ் திரும்பினாலே அசிங்கம். பத்து நிமிடத்தில் மூட்டை கட்டிவிட்டு நானும் குளிக்கப் போனேன்.

அங்கிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மாத்தூர். காமராஜர் முயற்சியில் 1966இல் கட்டிய பாலம். பறளியாற்றின் குறுக்கே ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு வாய்க்கால் தண்ணீரைத் தொட்டியில் கொண்டுபோகிறது. 28 தூண்கள், 115 அடி உயரம், 1240 அடி நீளம். விளவங்கோடு, கல்குளம் தாலுகா வயல்களுக்கான தண்ணீர். நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். தொட்டியை ஒட்டிய நடைபாதையில் நடந்து, ஆட்கள் விலகுவதற்காகக் காத்துக் காத்து நாற்பது படம் எடுத்தேன். இரவு பார்த்தால் எல்லாம் ஏதோ தெருவின் முடுக்கு மாதிரி இருந்தது. ஒரு சுவர், ஒரு பாதை. 115 அடியில் ஒரு அடிகூடப் படத்துக்குள் வரவில்லை.

அன்று மாலை முட்டத்தில் இருந்தோம். எங்கள் தலைமுறைக்கு அந்தக் கடற்கரைப் பாறைகளை முதலில் காட்டியது இயக்குநர் பாரதிராஜா. 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986இல் ‘கடலோரக் கவிதைகள்’. ஒளிப்பதிவாளர் பி. கண்ணன் பார்த்துவிட்ட கடலை நான் புதிதாக என்ன பார்க்க? பாறையில் அலை மோதுவதை நாலு எடுத்தேன். பக்கத்து மணற்கரையில் மீனவர்கள் கரைமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கயிற்றுக்கு இருபது பேர் வேண்டும்போல. வழக்கம்போல அவர்கள் போகட்டும் என்று நின்றேன். அவர்கள் போவதற்குள் சூரியன் போய்விட்டது.

ஊர் திரும்ப வேண்டிய காலையில் நண்பனைக் கெஞ்சி மறுபடி மாத்தூருக்குப் போனேன். இந்த முறை படி இறங்கி ஆற்றுக்குப் போனேன். தூணின் அடியில் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. அகல லென்ஸில் பார்த்தேன். தூண்கள் வரிசையாகத்தான் இருந்தன. ஆனால் இருபதடியா இருநூறடியா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

“போட்டோவா? நான் மாறி நிக்கணுமா மக்ளே?”

“வேண்டாம் தாத்தா. அங்கேயே நில்லுங்க.”

அவர் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நின்றார். “நான் நின்னா பாலம் மறையாதா?” என்று சிரித்தார். படத்தில் அவர் ஒரு தீக்குச்சி உயரம். அவருக்கு மேலே தூண் போய்க்கொண்டே இருக்கிறது.

நானூறு படங்களில் அச்சுப் போட்டது அது ஒன்றைத்தான். மாத்தூர் போகிறவர்கள் மேலே நடந்துவிட்டு அப்படியே வண்டி ஏறிவிடாதீர்கள். படி இறங்குங்கள். கீழே யாராவது குளித்துக்கொண்டோ துவைத்துக்கொண்டோ இருந்தால், கேமராவைத் தூக்குவதற்கு முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.