பருத்தித்துறையில் ஒரு வானலைப் பயணம்

பயணக் கட்டுரை என்றதும் காசியையோ கைலாயத்தையோ, கடல் கடந்த பெருநகரங்களையோ வாசகர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. நான் சொல்லப் போகும் பயணமோ யாழ்ப்பாணத்துப் பேருந்து நிலையத்தில் தொடங்கிப் பருத்தித்துறைக் கடற்கரையில் முடிவது. தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். ஆயினும் அங்கே ஒரு சிறிய அறையில் இரண்டு நாட்கள் அமர்ந்திருந்து, ஜப்பான் முதல் பிரேசில் வரை உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன் என்றால் நம்புவீர்களா?

2024ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கல்லூரி மணி அடித்ததும் பேருந்தேறினேன். கோப்பாயைக் கடந்து, நீர்வேலியின் வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே, புத்தூர், ஆவரங்கால் எனச் சென்று வல்லை வெளியை அடைந்தோம். மரஞ் செடியற்ற அந்த உவர்வெளியிற் காற்றுக்குத் தடையேது? யன்னல் வழியே புகுந்து பயணிகள் அனைவரின் தலைமயிரையும் கலைத்துவிட்டுச் சென்றது. நெல்லியடிச் சந்தியின் சந்தடியும் தாண்டிச் சிறிது நேரத்திற் கடலின் வாசனை வந்தது. பருத்தித்துறையில் இறங்கியதும், வெறுங்கையோடு செல்லலாகாதென்று அவ்வூர்த் தட்டை வடையில் ஒரு சரை வாங்கிக்கொண்டேன். பருத்தித்துறை வீட்டுக்குப் பருத்தித்துறை வடை! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் அண்ணை சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார்.

'அண்ணை' என்று நான் அழைக்கும் இவருக்கு அப்போது வயது 62. 1990களில் எங்கள் ஊரில் றேடியோ திருத்துங் கடை வைத்திருந்தவர். மின்சாரம் இல்லாமல், மின்கலமும் குடாநாட்டுக்குள் வரத் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவைச் சுழற்றி, அந்த மின்சாரத்தில் வானொலி கேட்போம். பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய எனக்குப் பெடல் சுற்றும் உத்தியோகம். என் கை சோர்ந்தால் தமிழோசையின் செய்தியும் சோர்ந்துபோகும். கூடியிருக்கும் பெரியவர்கள், "சுற்றடா, சுற்றடா" என்று விரட்டுவார்கள். கேட்பதற்கே இவ்வளவு பாடுபட்ட ஊரில், வீட்டிலிருந்து ஒலிபரப்புவதை எவர் கனவு கண்டிருக்க முடியும்? அண்ணை கண்டிருக்கிறார். 2018இல், ஐம்பத்தாறாவது வயதில், பரீட்சை எழுதித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுவிட்டார்.

அவருடைய நிலையம் பின்விறாந்தையை அடைத்துக் கட்டிய ஓர் அறை. மேசையில் ஒரு பெரிய அகராதியளவான கருவி, ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி. கருவியின் வலு 100 வாற்று. பழைய காலத்து மின்குமிழ் ஒன்றின் வலுவுக்கு மேலில்லை. முற்றத்திலே இரண்டு பனைகளுக்கு இடையே, கிழக்கு மேற்காக, செப்புக் கம்பிகள் கட்டப்பட்டிருந்தன. அவற்றுள் மிகக் குட்டையானது 5 மீற்றர் நீளமுடையது. 10 மீற்றர் அலைக்கு அதன் பாதி நீளமான கம்பி போதும் என்று விளக்கினார். பனைகளுக்கு அப்பால் தெரு. தெருவுக்கு அப்பாற் கடல்.

இனிப் போட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் ஒக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் 'சீ கியூ' உலகப் போட்டி நடைபெறும். எங்கள் நேரப்படி சனி காலை 5.30க்குத் தொடங்கி, திங்கள் காலை 5.30க்கு முடியும் 48 மணி நேரப் போட்டி அது. இதற்காக உலகத்தை 40 வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் 22ஆம் வலயம். ஒருவரையொருவர் சந்தித்ததும் அழைப்புக் குறியையும், ஒலியின் தரத்தைக் காட்டும் இலக்கத்தையும், வலய எண்ணையும் பரிமாறிக்கொள்ளவேண்டும். வேறு கண்டத்தவரைச் சந்தித்தால் 3 புள்ளி. எங்கள் கண்டத்திலே பிற நாட்டவரானால் 1 புள்ளி. ஒவ்வோர் அலையிலும் சந்தித்த நாடுகளையும் வலயங்களையும் கூட்டி, அத்தொகையாற் புள்ளிகளைப் பெருக்க வேண்டும். ஒருவரை ஓர் அலையில் ஒருமுறைதான் கணக்கில் எடுக்கலாம்.

ஒலியின் தரத்துக்கு உச்ச இலக்கம் 59. போட்டியிலோ எல்லோரும் எல்லோருக்கும் 59தான் கொடுக்கிறார்கள்! கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது போன்ற குரலுக்கும் 59. ஆசிரியனாகிய எனக்கு இந்தத் தாராளம் வியப்பளித்தது. "அது வணக்கம் சொல்லுற மாதிரி தம்பி. அதிலை போட்டியில்லை. அழைப்புக் குறியிலைதான் எல்லாம்" என்றார் அண்ணை.

சனிக்கிழமை விடியுமுன் போட்டி தொடங்கியது. கோயில் மணி ஒலிக்க, கடலில் வள்ளங்கள் கரை திரும்பிக்கொண்டிருக்க, அறைக்குள்ளே ஜப்பானியர் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். பகல் ஏற ஏற ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும், பிற்பகலில் ஐரோப்பா முழுவதும். இந்தோனேசியா இப்போட்டியில் ஓசியானியாக் கண்டத்தைச் சேர்ந்ததாகையால் அதற்கு 3 புள்ளி என்பதை அறிந்தேன். வேறோர் அதிசயத்தையும் கண்டேன். 10 மீற்றர் அலையில் பிரேசில் நாட்டவரின் குரல் கணீரென்று கேட்கிறது. எதிர்க்கரையிலுள்ள தமிழ்நாட்டவரின் குரல் கேட்கவில்லை. அலைகள் மேலே சென்று, அயனமண்டலத்தில் திரும்பி, வெகு தொலைவிலேதான் நிலத்தைத் தொடுகின்றன. அண்டை அயலைத் தாண்டிப் போய்விடுகின்றன. மனிதரிலும் இத்தகையோர் உண்டன்றோ?

இந்த 10 மீற்றர் அலையின் வாழ்வு சூரியனின் கையில் இருக்கிறது. சூரியப் புள்ளிகள் பெருகும் காலத்தில் அது உலகெங்கும் திறக்கும். அவை குறைந்த காலத்தில் உறங்கிக் கிடக்கும். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சம் வருகிறது. அவ்வுச்சக் காலம் வந்துவிட்டதென்று அமெரிக்க விஞ்ஞானிகள் அறிவித்ததும் அதே ஒக்டோபரிலேதான்.

அண்ணைக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி அன்று. அவருடைய தம்பி 1987இல் நாட்டைவிட்டுச் சென்று ரொறன்ரோவில் வாழ்கிறார். அவரும் அமெச்சூர் வானொலியாளர். இருவரும் தொலைபேசியில் வாரந்தோறும் பேசுகிறார்கள். ஆனால் தாம் கட்டிய கம்பியிலிருந்து, இடையில் எவர் தயவுமின்றி, 13,700 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள தம்பியின் குரலை 10 மீற்றரிற் கேட்கவேண்டும் என்பது அண்ணையின் ஆசை. அனுமதிப்பத்திரம் பெற்ற காலத்திற் சூரியன் அடங்கிக் கிடந்தது. பின்னர் ஒவ்வோர் ஆண்டும் ஏதோவொரு தடை. "அடுத்த உச்சத்துக்கு எனக்கு எழுபத்து மூண்டு வயது, தம்பி" என்று சொல்லிவிட்டு, வேறொன்றும் பேசாமல் ஒலிவாங்கியை எடுத்தார்.

சனி மாலை ஆறரை மணியிருக்கும். கிழக்கே கடலின்மேல் மின்னத் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் குரல்களுக்கிடையே மெலிந்த ஒரு குரல்: "விக்டர் எக்கோ திறீ..." அண்ணையின் கை அப்படியே நின்றது. முப்பத்தேழு ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்தும் அந்த யாழ்ப்பாணத்துத் 'திறீ' மாறவில்லை.

"என்ரை தம்பி!"

உடனே 59ஐயும் 22ஐயும் அனுப்பினார். மறுமொழி வரும் வேளையில் மின்னலின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. மீண்டும் கேட்டார், மீண்டும் இரைச்சல். அடுப்படியிலிருந்து அக்கா, "கம்பியைக் கழட்டுங்கோ! உயிரைவிடப் போட்டியே பெரிசு?" என்று சத்தமிட்டார். அண்ணை வான்கம்பியைக் கழற்றி வெளியே போட்டார். ஓட்டின்மேல் மழை கொட்டத் தொடங்கியது.

"அவர்தான் என்பது தெரியும். அழைப்புக் குறியும் தெரியும்; ரொறன்ரோ 4ஆம் வலயம் என்பதும் தெரியும். எழுதிவிடலாமே அண்ணை?" என்று கேட்டேன்.

"தெரியுந்தான். ஆனால் கேக்கேல்லையே, தம்பி."

ஒவ்வொருவரும் அனுப்பும் பதிவேட்டை மற்றவர்களுடைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிழையாக எழுதினால் அச்சந்திப்பு நீக்கப்படும். மேலதிகமாகத் தண்டப் புள்ளியும் உண்டு. ஆனால் இங்கே அந்த அச்சத்துக்கும் இடமில்லை. அண்ணனும் எழுதித் தம்பியும் எழுதியிருந்தால் இரண்டும் பொருந்திவிடும். உலகத்தில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. மாறாக, தம்பி எழுதியிருக்க அண்ணன் எழுதாவிட்டால் தம்பிக்கே நட்டம். இதையும் சொன்னேன்.

"அவன் எழுதமாட்டான்" என்றார் அண்ணை.

மழை விடுமட்டும் தேநீரும் வடையுமாக இருந்தோம். இத்தனை நுணுக்கம் எதற்கு என்ற என் கேள்விக்கு அவர் 2004ஆம் ஆண்டைச் சொல்லி விடை தந்தார். அவ்வாண்டு டிசம்பரில், டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அமெச்சூர் வானொலியாளர் அந்தமான் தீவிலிருந்து உலகத்தோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேயர் சென்றிருந்தார். 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்துவிட்டன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற கருவியே அப்போது அத்தீவின் செய்தியை வெளியுலகுக்குச் சொல்லியது. "அந்த நேரத்திலை ஒரு பேரை ஊகிச்சு எழுதலாமே, தம்பி? போட்டி காதுக்குப் பயிற்சி" என்றார். ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையையும் விட்டுவைக்கவில்லை. ஆதலால் அதற்கு மேல் நான் ஒன்றுங் கேட்கவில்லை.

ஞாயிறு மாலை வானம் வெளுத்திருந்தது. ஆறு மணிக்கே அக்காவும் கதவோரத்தில் வந்து நின்றார். ஆறே முக்காலுக்கு அக்குரல் மீண்டும் வந்தது, இம்முறை முழுமையாக. அண்ணை அழைப்புக் குறியைத் திருப்பிச் சொல்லி, 59, 22 என்றார். "59, 4" என்று விடை வந்தது. நன்றி என்றார் ஒருவர். நன்றி என்றார் மற்றவர். அவ்வளவுதான். எல்லாமாகப் பத்து விநாடிகூட இராது. ஒரு தமிழ்ச் சொல்லில்லை, சுகம் விசாரிப்பில்லை. பின்னால் வேறு நிலையங்கள் காத்து நின்றன.

அண்ணை கணினியில் அந்த வரியைப் பதிந்தார். மூன்று புள்ளி. பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியோ? நேற்று எழுதியிருந்தால் இண்டைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கமாட்டான்" என்றார். உண்மைதானே! ஒருவரை ஓர் அலையில் ஒருமுறைக்கு மேல் அழைத்துப் பயனில்லை. தம்பி மீண்டும் அழைத்ததே, அவரும் தம் ஏட்டில் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தார் என்பதற்குச் சான்று. அக்கா முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றார்.

திங்கள் காலை ஐந்தரை மணிக்கு அலைகளில் ஆரவாரம் சட்டென்று ஓய்ந்தது. நான் முகங் கழுவி முதற் பேருந்தைப் பிடித்தேன். வல்லை வெளியிற் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. கல்லூரியில் முதற்பாடம் ஏழாம் வகுப்புக்குச் சொல்வதெழுதல். நித்திரை கண்ணைச் சுழற்றினாலும், "பிள்ளைகளே, கேட்டதை மாத்திரம் எழுதுங்கள், கேளாததற்கு இடம் விடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.