நேசரிக் காசு

இத்தனை வருடத் தொழிலில் நான் வாயே திறக்காமல் நடத்திய வழக்கு ஒன்றுதான். திறக்க அனுமதி இல்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஒருவர் கட்சிக்காரருக்காகத் தோன்ற முடியாது. புருஷனும் பெண்சாதியும் தத்தம் வாயால்தான் பேச வேண்டும். காதியும் ஆணாகத்தான் இருப்பார். சட்டத்தைத் திருத்துவதற்காக 2009இல் அமைத்த நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கையைக் கையளித்தது. அதே 2018இல்தான் கொஸ்லந்தயிலிருந்து அந்தப் பெண் பண்டாரவளையிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தார்.

கூட அவருடைய உம்மாவும் நாலு வயது மகளும். பெரகலை ஏற்றத்தில் பிள்ளை இரண்டு தரம் சத்தி எடுத்துவிட்டதாம். சட்டையைக் கழுவிய ஈரம் காயவில்லை. என் குமாஸ்தா ஒரு பழைய 'வீரகேசரி'யைக் கதிரையில் விரித்து அதன் மேல் பிள்ளையை இருத்தினார்.

விவாகரத்து ஏற்கெனவே முடிந்திருந்தது. பிள்ளைக்கு மாதம் ஆறாயிரம் ரூபா தாபரிப்பு. தகப்பனுக்குப் பண்டாரவளையில் கடை. மறுமணம் செய்துவிட்டார். ஆனாலும் மாதாமாதம் காசு தவறியதில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரச்சினை பிள்ளையை நேசரிக்குச் சேர்த்தபோது வந்தது. தாய் சேர்த்தது வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் முன்பள்ளியில். தகப்பன் விரும்பியது பண்டாரவளையில் உள்ள இஸ்லாமிய முன்பள்ளியை. அங்கே அரபு எழுத்தும் துஆக்களும் சொல்லிக் கொடுப்பார்கள், சீருடையில் சின்ன ஹிஜாபும் உண்டு. "என்ட பிள்ள அங்க படிச்சா வேன் காசு உட்பட எல்லாம் நான் கட்டுறன். மாதா கோயில் நேசரிக்கு ஒரு சதமும் தர மாட்டன்" என்பது அவர் வார்த்தை.

இப்படிப்பட்ட முன்பள்ளிகள் இன்று முஸ்லிம்கள் இருக்கும் ஊர்களில் எல்லாம் உண்டு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைத்தெருவில் நாலைந்து குடும்பமாக இருப்பவர்களுக்குப் பிள்ளையின் முதல் பாட்டு, முதல் வணக்கம் எதுவாக இருக்கும் என்ற பயம் வரும். நான் தோட்டத்துப் பிள்ளை. எங்களுக்கு நேசரி ஏது? பிள்ளைக்காம்பராதான். பெரட்டுக்குப் போகும் முன் அம்மா கொண்டுபோய் விடுவார். ஆயம்மா ஏணையில் போடுவார். எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை, எழுத்தும் சொல்லித்தரவில்லை. இப்போது அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையில் எவ்வளவோ மாறியிருக்கிறது.

என் ஜூனியருக்கு அரசியலமைப்பு என்றால் உயிர். வந்த பெண் எழுந்து போகுமுன்பே 10ஆம் உறுப்புரை, 14(1)(உ) என்று தாளில் எழுதத் தொடங்கிவிட்டார். மத சுதந்திரம் எல்லாம் சரி. அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்குப் போவது அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயலுக்கு எதிராகத்தான். பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் தகப்பன் அரசு இல்லையே. கல்விச் சட்டமும் கைகொடுக்கவில்லை. கட்டாயக் கல்வி ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. அரச பாடசாலையில் முதலாம் தரத்திலிருந்து பிள்ளை தன் சமயத்தைப் பாடமாகப் படிக்கலாம். நாலு வயதுக்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. முன்பள்ளி 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபையின் விடயம். பதிவு செய்வார்கள், மேற்பார்வை செய்வார்கள். எந்த முன்பள்ளிக்கு அனுப்புவது என்பதில் தாயும் தகப்பனும் முரண்பட்டால் என்ன செய்வது என்று எங்கும் எழுதவில்லை.

தகப்பன் பக்கம் சட்டம் இல்லாமலும் இல்லை. ஷாஃபி மத்ஹபின்படி, பகுத்தறியும் வயதுவரை, வழக்கமாக ஏழு என்பார்கள், பிள்ளை தாயிடம் இருக்கும். ஆனால் வளர்ப்பது வேறு, பொறுப்பாளி வேறு. கல்வியிலும் மார்க்கத்திலும் பேச்சுரிமை தகப்பனுக்கு உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். போட்டிருந்தால் எங்களுக்குச் சிரமம்தான்.

ஆகவே நேசரிக் காசையும் சேர்த்துத் தாபரிப்பைக் கூட்டக் கேட்டு, காதியிடம் கொடுக்க நானே ஒரு வாக்குமூலம் எழுதினேன், இரண்டு பக்கம். கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்று தொடங்கி, அறிவு எங்கிருந்தாலும் பெறலாம் என்பதுவரை. எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண் மெதுவாக வாசித்தார். பேனையைக் கேட்டு வாங்கி, முதல் ஒன்றரைப் பக்கத்துக்குக் குறுக்கே கோடு இழுத்தார்.

"சேர், மார்க்கத்தப் பத்தி அவருக்கும் காதி ஹஸரத்துக்கும் என்னவிட நல்லாத் தெரியும். அதுல நான் தோத்துடுவன். நேசரிக் காசு எவ்வளவு, வேன் காசு எவ்வளவு, போய்வர எத்தன மணித்தியாலம், அத எழுதுங்க."

நான் வெட்கப்பட்டேன். மீண்டும் எழுதினோம். நேசரிக் கட்டணம் மாதம் ஆயிரம். பண்டாரவளைக்கு வேன் என்றால் ஐயாயிரத்துக்குக் குறையாது; அதுவும் கொஸ்லந்தவரை வர எவரும் சம்மதிக்கவில்லை. பஸ்ஸில் போய்வர மூன்று மணி நேரம், மழைக்காலத்தில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் பக்கத்து மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதிலிருந்து, மழை இறங்கினால் அந்தப் பாதையில் பிள்ளையை அனுப்பிவிட்டு எந்தத் தாயும் நிம்மதியாக இருப்பதில்லை. அதையும் ஒரு வரியில் சேர்த்தேன். அதை அவர் வெட்டவில்லை.

காதி நீதிமன்றத்துக்கென்று கட்டடம் கிடையாது. சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடும். முதல் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கூடப் போய், எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். நேசரி டீச்சர் கட்டணத்தை ஒரு கடித உறையின் முதுகில் எழுதிக் கொடுத்திருந்தார். முத்திரையும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. சீராகக் கொண்டுவாருங்கள் என்று காதியார் ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டார். அந்த உறையை என் கையால் கோவையில் வைத்தவன் நான்தான்.

இரண்டாம் தவணையில் நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். தகப்பன் எழுந்து, பிள்ளை கைகூப்பிப் பாட்டுப் பாடுகிறாள் என்றாராம். காதியார் தாயைக் கேட்டார். "கைய கட்டிக்கொண்டு நிப்பா ஹஸரத். சிஸ்டர்ட்ட சொல்லிட்டன்." பிள்ளை ஓதுகிறாளா என்று அடுத்த கேள்வி. அவர் பையிலிருந்து பிள்ளையின் எண்பது பக்கக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்தக் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் நேசரியில் எழுதிய அ, ஆ, ஒரு வாழைப்பழம், சிவப்புப் பேனையால் ஒரு நட்சத்திரம். பின்னட்டையைத் திறந்தால் அங்கிருந்து இன்னொரு கொப்பி தொடங்குகிறது: அலிஃப், பே, தே. அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மும்மா எழுதிக் கொடுத்தது. இன்னொரு கொப்பி வாங்கக் காசில்லை. அரபு வலப்பக்கத்திலிருந்துதானே என்று உம்மும்மா அதையே திருப்பிப் பிடித்திருக்கிறார். 'பே'யின் புள்ளி கோட்டுக்குக் கீழே இல்லாமல் மேலே ஏறி, எழுத்தே வேறாகிவிட்டிருந்தது. காதியார் பேனையை எடுத்து அதைத் திருத்திவிட்டு, கொப்பியைத் தகப்பன் பக்கம் தள்ளினாராம். தகப்பன் வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தாராம்.

கட்டளை சுருக்கம். தாபரிப்பு ஏழாயிரத்து ஐந்நூறாக உயர்ந்தது; நேசரிக் கட்டணம் அதற்குள் அடக்கம். வேறு சமய வழிபாட்டில் பிள்ளையை ஈடுபடுத்தக்கூடாது. மாதம் ஒரு சனிக்கிழமை தகப்பன் வந்து பிள்ளையின் ஓதலைக் கேட்கலாம். அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்க மாட்டேன், எனக்குத் தோன்றியிருக்காது.

தகப்பன் கொழும்பிலுள்ள காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யவில்லை. ஓதல் கேட்கச் சனிக்கிழமைகளில் வந்தார். ஆறாயிரத்தையும் கட்டினார். கூட்டிய ஆயிரத்து ஐந்நூறை மட்டும் கட்டவில்லை. கோபம் அந்தத் தொகையில் ஒட்டிக்கொண்டிருந்தது போலும். காதியின் கட்டளைக் காசை நீதவான் நீதிமன்றம் தண்டப்பணம் போல அறவிடலாம். அங்கே எனக்கு வாய் உண்டு. அத்தாட்சிப் பத்திரம் பண்டாரவளை நீதவான் நீதிமன்றத்துக்கு வந்து அழைக்கப்பட்டது 2019இன் நடுப்பகுதியில். ஈஸ்டர் தாக்குதல் நடந்து சில வாரங்கள். முகம் மூடுவதற்கு அவசரகால விதி தடை போட்டிருந்தது. அந்தப் பெண் முகம் மூடுபவரே அல்ல, ஆனாலும் வாசலில் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற தகப்பனின் தொப்பியையும் கழற்றச் சொன்னார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உள்ளே வந்து ஒரே வாங்கின் இரு முனையில் உட்கார்ந்தார்கள்.

நான் இரண்டு வாக்கியம்தான் பேசினேன். நிலுவையை இரண்டு தவணையில் கட்ட அவர் சம்மதித்தார், கட்டியும் விட்டார். 2020 ஜனவரியில் பிள்ளை முதலாம் தரத்தில் சேர்ந்தாள்.

தாபரிப்பு வழக்குக்குப் போகும் தாய்மாருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நேசரிக் காசு கட்டும்போது திகதி, தொகை, முத்திரை, மாகாணப் பதிவு இலக்கம் எல்லாம் உள்ள பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடித உறையின் முதுகில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.