பதிவேட்டில் இல்லாத கட்டம்



கடந்த வாரம் நம் சபையின் மூத்த தாயாரை நல்லடக்கம் செய்தோம். அன்று மாலை அடக்கப் பதிவேட்டைத் திறந்து அவருக்குரிய வரியை எழுதினேன். பெயர், வயது, கணவர் பெயர், மரித்த நாள், மரணத்தின் காரணம், அடக்க ஆராதனையை நடத்திய குருவானவர். காரணம் என்ற கட்டத்தில் ‘முதுமை’ என்று எழுதினேன். 92 ஆண்டுகள் ஒரே வரியில் அடங்கிவிட்டன.

ஏட்டை மூடிய பிறகு லூக்காவின் நினைவு வந்தது. தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்ட அன்னாளைப் பற்றி அவர் இரண்டாம் அதிகாரத்தில் மூன்றே வசனங்கள் எழுதுகிறார். தகப்பன் பெயர் பானுவேல், கோத்திரம் ஆசேர், கணவரோடு வாழ்ந்தது 7 ஆண்டுகள், வயது 84 என்று ஒரு நல்ல பதிவேட்டுக்காரரைப்போலவே குறித்துக்கொண்டு வருகிறார். ஆனால் நம் ஏட்டில் இல்லாத ஒரு கட்டத்தையும் சேர்த்து நிரப்புகிறார். அந்த அம்மாள் இரவும் பகலும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே அது. இந்த வாரம் அந்தக் கட்டத்தை நம் தாயாருக்காக நிரப்பிப் பார்க்கிறேன். அவர் பெயரை எழுதவில்லை. அது உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையுமில்லை.

தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து கீழ்வேளூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவருக்கு வயது 20. அந்த ஆண்டே, 1952 நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை, நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியது. புகுந்த வீட்டின் கூரை போயிற்று. கதிர் விடும் பருவத்துச் சம்பா தண்ணீருக்குள் கிடந்தது. அந்த மழைக்கால முடிவில் மாமியார் அவர் கையில் ஒரு சிறு மண்பானையைக் கொடுத்தாராம். பிடியரிசிப் பானை. உலைக்கு அரிசி களையும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடியை எடுத்து அதில் போட வேண்டும். ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். நம் தாய்மார்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: சம்பளம் இல்லாத, சொத்தில் பங்கில்லாத பெண்கள் யாரிடமும் கேட்காமல் கொடுக்க முடிந்த காணிக்கை இது. டெல்டாவின் எத்தனையோ சிற்றாலயங்களுக்கு ஓடு வேய்ந்ததில் இந்த அரிசிக்குப் பெரும் பங்குண்டு. ஆண்டறிக்கைகளில் நன்கொடையாளர் பெயர்கள் வேறாக இருக்கலாம்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படாமல் குறுவை பொய்த்த ஆண்டுகள் பல. அப்போதெல்லாம் என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “பிடி சின்னதாப் போகும் ஐயா. பானை வெறுமனே போனதில்ல” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடமிருந்து சாட்சி எதையும் வாங்க முடியாது. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்திராத சிலரில் அவரும் ஒருவர்.

1977-இன் புயலில் ஒரு மாட்டையும், அடுத்த ஆண்டு கணவரையும் இழந்தார். 2018-இல் கஜா புயல் கொல்லையில் இருந்த தென்னைகளைச் சாய்த்தது. இவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. 2004 டிசம்பர் 26 பற்றி மட்டும் பேசுவார். அதுவும் ஒரு ஞாயிறு. ஆராதனை நடந்துகொண்டிருக்கையில், நாகையில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்ற செய்தி வந்ததாம். அன்றிருந்த போதகர் சபையை முழங்காலில் நிற்கச் சொன்னபோது, 72 வயதான இவர் எழுந்து, “ஐயா, ஜெபத்த அடுப்படியில பண்ணிக்கலாம். வர்றவங்களுக்குக் கஞ்சி வேணும்” என்றாராம். அந்த வாரத்துப் பிடியரிசிதான் முதல் உலையில் விழுந்தது. அன்று பிரசங்கம் நிறைவடையவில்லை என்று அந்தப் போதகரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இனி எழுதப்போவதை, அதற்குரியவரின் அனுமதியுடன் எழுதுகிறேன்.

ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் பேரன் நம் விசுவாசத்தைச் சேராத ஒரு பெண்ணை மணந்தார். அந்தப் பெண் ஞானஸ்நானம் கேட்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் பாட்டியின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். சபையில் சிலருக்கு அது உறுத்தியது. ஞானஸ்நானம் பெறாதவர் முன்வரிசையில் அமரலாமா என்று ஒருவர் ஆராதனை முடிந்ததும் உரக்கவே கேட்டார். அம்மையார் திரும்பிப் பார்த்து, “எம் பக்கத்துல எடம் இருக்கு தம்பி. அதுல யாரு உக்காரணும்னு நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

இறையியல் கல்லூரியில் நான் படித்த கிளாரிந்தாவின் வரலாறு அன்று புதிதாகத் தோன்றியது. தஞ்சையின் மராட்டியப் பிராமண விதவை அவர். ஆங்கிலேய அதிகாரி லிட்டில்டனோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, முறையான திருமணமில்லை என்ற காரணத்தால் ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பின்னர் 1778-இல் பாளையங்கோட்டையில் அதே ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட அந்தச் சபையின் பட்டியலில் 40 பெயர்கள், முதற்பெயர் கிளாரிந்தாவுடையது. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றைய திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் அங்கேதான்.

ஸ்வார்ட்ஸ் ஒழுங்கின்படியே செய்தார்; அவர்மேல் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என்னைத் தொடுவது வேறொன்று. மறுக்கப்பட்ட பிறகும் அந்தப் பெண் விலகிப் போகவில்லை. வாசலில் காத்து நிற்கிறவர்களுள் ஒரு சபையின் தாய் இருக்கக்கூடும் என்பதைக் கண்டுகொள்ள எங்களைப் போன்ற குருமாருக்குக் காலம் பிடிக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படித்த நம் அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை.

அவர் அந்தப் பேத்தியை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. கண்பார்வை மங்கிய பின் வேதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். தினமும் ஒரு சங்கீதம், பிறகு ஒரு சுவிசேஷ அதிகாரம். தடுமாறிய சொற்களை நினைவிலிருந்து தாமே எடுத்துக் கொடுத்தார். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் நினைவுகூருகிறார் அல்லவா? விசுவாசம் அந்த வீட்டில் எவ்வாறு கைமாறியது என்பதை அவர் விவரிக்கவில்லை. கீழ்வேளூரில் ஒரு திண்ணையில் நான் கண்டது ஏறத்தாழ அப்படித்தான் இருந்திருக்கும்.

பிள்ளைகள் திருச்சியிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிவிடலாமா என்ற பேச்சு அடக்க ஆராதனைக்கு மறுநாளே எழுந்தது, அதில் தவறொன்றுமில்லை. ஆனால் 40 ஆண்டுகளுக்கு மேலாகச் சனிக்கிழமை மாலை ஜெபம் அந்தக் கூடத்தில்தான் நடக்கிறது. அதை ஆலயத்துக்கு மாற்றிவிடலாம் என்று நான் சொன்னபோது, ஓரத்தில் நின்ற பேரனின் மனைவி முன்வந்து, “வேண்டாம் ஐயா. பாய் விரிச்சு வைக்கிறேன். எல்லாரும் எப்பவும் போல வாங்க” என்றார்.

எனவே இந்தச் சனிக்கிழமையும் மாலை 6.30 மணிக்கு ஜெபம் அந்த வீட்டிலேயே நடைபெறும். பாட்டியின் பெரிய எழுத்து வேதாகமத்திலிருந்து அந்த மகளே சங்கீதத்தை வாசிப்பார். பிடியரிசி கொண்டுவரும் தாய்மார்கள் அன்றே கொண்டுவரலாம். பானை இருந்த இடத்திலேயே இருக்கிறது.